பிளம்ஸ் பையில் பத்துச் சொற்கள்

என் பீரோவின் மேல்தட்டில், ரேஷன் அட்டைக்கும் கண் ஆஸ்பத்திரிச் சீட்டுகளுக்கும் அடியில், ஒரு காகிதப் பை இருக்கிறது. பழைய செய்தித்தாளை வெட்டி மைதாப் பசையால் ஒட்டிய பை. பழக்கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஒரு பக்கத்தில் ஏதோ ஊரில் மழை பெய்த செய்தி. அந்தச் செய்தியின் மேலேயே கறுப்பு மசியில், டைப் எழுத்தில், பத்துச் சொற்கள் அச்சாகியிருக்கின்றன. எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கிடப்பதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆகுபெயர், உருவகம், மங்கலம், குழூஉக்குறி, இரட்டைக்கிளவி என்று போகிறது வரிசை. அடிப்பக்கம் பிளம்ஸ் சாறு ஊறிக் காய்ந்து துரு நிறமாகிவிட்டது. “இந்தக் கிழிசலப் போயி எதுக்கு அத்தை பூட்டி வச்சிருக்கீங்க?” என்று மருமகள் கேட்பாள். “கெடக்கட்டும்” என்பேன். அந்தப் பைக்குள் மடித்த காகிதம் ஒன்றும் இருக்கிறது. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். எதையும் முதலிலேயே சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஐம்பதுகளின் பிற்பாதி. கோடை மாதங்களில் மட்டும் கொடைக்கானலில் ஒரு தமிழ்ப் பள்ளி நடக்கும். கப்பலில் புதிதாக வந்து இறங்கிய வெளிநாட்டு மிஷன்காரர்கள், கீழ்நாட்டு வெயிலுக்குத் தப்பி மலையேறி வந்து அங்கே தமிழ் படிப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர்களுக்கு முன்ஷி என்று பெயர். தலைமை முன்ஷியை நாங்கள் ஐயா என்போம். பழனிக்காரர். கழுத்து மூடிய கோட்டும் தலைப்பாகையுமாக, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடையோடு வருவார். அந்தக் குளிரிலும் அவர் மூக்கு நுனியில் வியர்வை நிற்கும். நான் அங்கே டைப்பிஸ்ட். இருபத்திரண்டு வயது. ஒரு தமிழ் டைப்ரைட்டரும் கையால் சுற்றுகிற ஒரு சைக்ளோஸ்டைல் மெஷினும்தான் என் ராஜ்யம். மெழுகுத்தாளில் நான் அடித்து, மெஷினில் சுற்றி எடுத்துக் கொடுக்கிற எழுத்தைத்தான் அத்தனை வெள்ளைக்காரர்களும் தமிழ் என்று நம்பினார்கள்.

ஐயா தயாரித்திருந்த ஒரு பட்டியல் அந்தப் பள்ளியில் பெரிய பூச்சாண்டி. அணி, இலக்கணம், வரலாறு என்று மூன்று பகுதியாக, மொழி படிக்கிறவர் அறிய வேண்டிய கலைச்சொற்கள். எழுவாய் பயனிலையில் தொடங்கி வட்டெழுத்து, மெய்க்கீர்த்தி, பாயிரம் என்று பழைய கல்வெட்டு, ஏட்டுச் சொற்கள் வரை நீளும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லி, சொந்தமாக ஓர் உதாரணமும் எழுத வேண்டும். அதுதான் இறுதிப் பரீட்சை. மூன்று மாதம் வாய் ஓயாமல் தமிழ் பேசிய பெரிய மனிதர்கள்கூட அந்தப் பட்டியலைக் கையில் எடுத்ததும் வாயடைத்துப் போவார்கள்.

அவர்களில் ஒரு நர்ஸம்மா இருந்தார். நாற்பதைத் தொட்ட வயது, ஒல்லியான உடம்பு, பெரிய செருப்பு. கீழ்நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தமிழை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. வலியில் கத்துகிற பெண்களிடமிருந்தும் ஆயாக்களிடமிருந்தும் பிடித்துக்கொண்டார். காலையில் என் ஜன்னலில் முகம் நீட்டி, “டைப்பம்மா, வெள்ளனே வந்துட்டேன் பாருங்க, வெரசா அந்தப் பட்டியலக் குடுங்க, ஒரு சோலி கெடக்கு” என்பார். பொன்னிற மயிரும் நீலக் கண்ணுமாக நின்று அப்படிப் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியுமா? போன கோடையில் பரீட்சையில் தவறியிருந்தார். இரண்டாம் முறையும் தவறினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது அவருடைய மிஷனின் சட்டம். அவர் போய்விட்டால் அந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க வேறு நர்ஸ் கிடையாது. அந்தப் பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

ஆனால் கெட்டிக்காரி. ஆகுபெயருக்கு உதாரணம் கேட்டதும் ஐயாவிடமே சொன்னார்: “மூணாம் படுக்கை அழுவுது, ஓடி வாங்கன்னு எங்க ஆயா கூப்பிடுவா. படுக்கையாங்கய்யா அழுவுது? அதுல படுத்திருக்கிற புள்ளத்தாச்சியில்ல அழுவுறா!” ஐயா வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மங்கலத்துக்கு, “எங்க வார்டுல யாரும் சாவ மாட்டாங்க, தவறித்தான் போவாங்க” என்றார். அணியும் இலக்கணமும் இப்படி ஆஸ்பத்திரிக்குள்ளேயே அவருக்குக் கிடைத்துவிட்டன. வரலாற்றுப் பகுதிதான் உதைத்தது. “வட்டெழுத்துக்கும் மெய்க்கீர்த்திக்கும் எங்க ஆஸ்பத்திரியில ஆளே இல்லையே டைப்பம்மா, நான் எங்க போவேன்?” என்று என் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

என் பயம் வேறு. கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் வாடகை வீடு. அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. அம்மா பழைய பேப்பரில் பை ஒட்டிப் பழக்கடைகளுக்குக் கொடுப்பாள். என் சம்பளம் நின்றால் குடும்பம் படுத்துவிடும். எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்ட், பரீட்சைத் தாள் ஒன்றை மேஜையில் மறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதற்காக அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கினார். இந்த மலையில் எந்த ஆபீசில் வேலை கேட்டாலும் பள்ளியின் கமிட்டியில் இருக்கிற யாரோ ஒருவரைத்தான் விசாரிப்பார்கள் என்பதால் அவருக்கு வேறு இடமும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு நர்ஸம்மா என் ஜன்னலிலேயே குடியிருப்பது ஊருக்கே தெரியும்.

பரீட்சை திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை தாள் அடித்தோம். அதற்கொரு முறை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு ஐயா பக்கத்தில் நிற்பார். மசி சீராகப் பரவும் வரை முதல் ஐந்து தாளை வெள்ளைக் காகிதத்தில் எடுக்க மாட்டோம், வீண். செய்தித்தாளை அளவுக்கு வெட்டி அதில் எடுப்போம். பிறகுதான் நல்ல தாள். வேலை முடிந்ததும் மெழுகுத்தாளையும் அந்த ஐந்து சோதனைத் தாள்களையும் நான் எடுத்துக் கொடுக்க, ஐயா தம் கையாலேயே கணப்பில் போட்டு எரிப்பார். அன்று ஒரே மூடுபனி. விறகு நனைந்திருந்தது. மெழுகுத்தாளைப் போட்டதும் புகை திரும்பி அறைக்குள் அடித்தது. ஐயாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டு கண்ணெல்லாம் நீர். ஜன்னலைத் திறந்தேன், தண்ணீர் கொண்டுவந்தேன், நல்ல தாள்களை உறையில் போட்டு அரக்கு வைத்தோம். மசி காயட்டும் என்று பழைய பேப்பர் அடுக்கின் மேல் விரித்திருந்த ஐந்து தாள்களை இருவருமே மறந்தோம். கிளம்பும்போது ஐயாதான் சொன்னார்: “அந்தப் பழைய பேப்பரக் கட்டி எடுத்துக்கிட்டுப் போம்மா, அம்மா பை ஒட்டுவாங்கல்ல.” அப்படியே சுருட்டிக் கட்டிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு பெருக்கினேன். அம்மா பை ஒட்டி மிஞ்சிய நறுக்குகள் துடைப்பத்தில் சிக்கின. ஒரு நறுக்கில், செய்தி எழுத்தின் மேல், “விளக்குக” என்று என் டைப் எழுத்து. ககரத்தின் வளைவு சற்றே தேய்ந்த அதே எழுத்து. பைகள் எங்கே என்றேன். “வெள்ளனே கடைக்காரர் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே” என்றாள் அம்மா. ஞாயிறு சந்தை நாள். துடைப்பத்தைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடினேன்.

எங்களிடம் பை வாங்குகிறவர் மேல்மலைப் போளூர்க்காரர். சந்தையில் பிளம்ஸையும் பேரிக்காயையும் குவித்து வைத்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சீசன் கூட்டம். யாரைப் பார்த்தாலும் கையில் காகிதப் பை. “பசை சரியாப் பிடிக்கலீங்கண்ணே, அந்தப் பையெல்லாம் குடுங்க, மாத்தி ஒட்டித் தாரேன்” என்று பொய் சொன்னேன். “என்னம்மா இது, யாவார நேரத்துல!” என்று முனகிக்கொண்டே கட்டைத் தூக்கிப் போட்டார். ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நான்கு கிடைத்தன. ஐந்தாவது இல்லை. “காலையில இருந்து எத்தனை போயிருக்குண்ணே?” என்றேன். “ஏழெட்டுப் போயிருக்கும். வெள்ளக்காரம்மாக ரெண்டு மூணு பேரு வந்தாக. ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?”

நான்கையும் அடுப்பில் போட்டேன். உடனே ஐயாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகாமல் இல்லை, அவர் தங்கியிருந்த வீட்டு வாசல் வரை போனேன். குடை கதவோரம் சாத்தியிருந்தது. உள்ளே இருமல் சத்தம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போன அந்த டைப்பிஸ்ட் கண் முன்னால் வந்து நின்றார். பரீட்சைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கொஞ்சம் கழித்து வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அப்புறம் எங்கே வர?

திங்கட்கிழமை காலை. தாள்களைக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு மேஜையாக வைத்துக்கொண்டு வந்தேன். தாளைப் பார்த்த நர்ஸம்மாவின் முகம் மலர்ந்தது. ஏழு சொல் அவருக்குத் தெரிந்தவை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் பார்த்தேன், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பை. பிளம்ஸ். பையின் வயிற்றில் மழைச் செய்தி, அதன் மேல் என் எழுத்து.

எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது. அவர் அதைப் படிக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். எழுத்தின் மேல் ஏறிய எழுத்து அது. தெளிவாக அடித்துக் கொடுத்தாலே விரல் வைத்து மெள்ளப் படிக்கிறவர். படித்திருந்தால் யாராவது அதை மேஜையிலேயே கொண்டுவந்து வைப்பார்களா? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: யார் பார்த்தாலும் நான் கொடுத்ததாகத்தான் நினைப்பார்கள். அந்தப் பையை எடுக்க நான் கையை நீட்டியபோது, எனக்கு முன்னால் இன்னொரு கை நீண்டது. ஐயா.

“பரீட்சையில தின்பண்டம் கூடாதுங்க சிஸ்டர்” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நர்ஸம்மா வெட்கப்பட்டு, “எனக்கு இல்லீங்கய்யா, டைப்பம்மாவுக்கு வாங்கியாந்தேன்” என்றார். ஐயா பழங்களை ஜன்னல் திட்டில் கொட்டினார். பையை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. “அச்சு சரியில்ல, தாளையெல்லாம் திருப்பி வாங்கும்மா” என்றார். பிறகு கரும்பலகையில் வேறு பத்துச் சொற்களை எழுதினார். அவசரத்தில் நினைவுக்கு வந்ததெல்லாம் பட்டியலின் கடைசிப் பகுதி. வட்டெழுத்து. மெய்க்கீர்த்தி. பாயிரம். அவர் கையெழுத்து பழைய காலத்துக் கூட்டெழுத்து, அன்று நடுக்கம் வேறு. நர்ஸம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா நகரவே இல்லை.

அவர் பரீட்சையில் தவறிவிட்டார். முடிவு வந்த நாள் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். கமிட்டிக்கு ஒரு கடிதம் அடித்துத் தரச் சொன்னார். “தமிழ்லயே எழுதுங்க. தமிழ் வரலேன்னுதான தள்ளிட்டாங்க, தமிழ்லயே கேக்குறேன்.” அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். அச்சடித்த தாளில் எனக்குத் தெரிந்த சொற்கள் இருந்தன, அதை ஏன் திருப்பி வாங்கினீர்கள், அந்தத் தாளிலேயே என்னை மறுபடி சோதித்துப் பாருங்கள். அவ்வளவுதான் கடிதம். அதற்குப் பதில் அடித்ததும் நான்தான். கமிட்டி விளக்கம் கேட்க, ஐயா என் மேஜைக்கு எதிரில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அச்சு தெளிவாக இல்லாமையால் வினாத்தாள் மாற்றப்பட்டது.” அந்த அச்சு எவ்வளவு தெளிவு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். போய்விட்டார். அடுத்த வாரம் நர்ஸம்மா பஸ் ஏறினார். “மூணாம் படுக்கைய யாரு பாப்பாங்களோ” என்றார். பிளம்ஸ் நன்றாக இருந்ததா என்றும் கேட்டார். இருந்தது என்றேன். நான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

ஐயா இன்றைக்குக் கூப்பிடுவார், நாளைக்குக் கூப்பிடுவார் என்று ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் குடை வராந்தாவில் டக் டக்கென்று ஊன்றும் சத்தம் கேட்டால் டைப்ரைட்டரில் விரல் நின்றுவிடும். கூப்பிடவே இல்லை. அடுத்த கோடைக்கும் வேலைக்கு வரச்சொல்லித் தபாலட்டை வந்தது. அதற்கடுத்த கோடைக்கும் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த மனிதர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார், என் பிழையைத் தம் கோட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். பழனி மலையைப் பார்த்துக் கும்பிடும்போதெல்லாம் அவரையும் சேர்த்துக் கும்பிட்டேன். பயம் மட்டும் போகவில்லை. எட்டுக் கோடைகள் அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. அவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் வெளிநாட்டார் வருவது குறைந்து பள்ளியை மூடினார்கள். கடைசி வாரம் ஐயாவின் அலமாரியைக் காலி செய்தோம். கலைச்சொல் பட்டியலின் மூலப் பிரதிக்குள் அந்தப் பை இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன். எங்கிருந்துதான் வாய் வந்ததோ, “இத ஏங்கய்யா எரிக்காம வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

ஐயா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூக்கு நுனியில் வியர்வை. “கேட்டுட்டியா” என்றார். “நீ என்னைக்குக் கேப்பியோன்னு எட்டு வருசமா பயந்துக்கிட்டே இருந்தேன்மா.”

“நானா? நீங்க என்னையக் கேப்பீங்கன்னுல்ல நான்...”

“அஞ்சு தாளையும் எண்ணி எரிக்க வேண்டியவன் நான். எரிக்கல. பேப்பர எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னதும் நான். கமிட்டிக்குத் தெரிஞ்சா இந்த வயசுல எனக்கு யாரு வேலை குடுப்பா? ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். வருசா வருசம் ஒன்னையக் கூப்பிட்டது எதுக்குன்னு நினைச்ச? நீ வெளிய போனா வாயத் திறந்துருவியோன்னுதான்.”

எட்டு வருஷக் கும்பிடு அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்துபோனது. கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்யதை என்பதும் கூடவே வந்தது. எங்கள் இரண்டு பயத்துக்கும் நடுவில் நசுங்கிப் போனவர் ஒருவர்தான். பிளம்ஸ் வாங்கிவந்தவர். ஐயாவே சொன்னார்: “சிஸ்டருக்கு நடந்தத எழுதிருவோம்மா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். அவங்க மேல குத்தமில்லன்னு அவங்க மிஷனுக்காவது தெரியட்டும்.” ஒளிக்காமல் எழுதினோம். கடைசியாக அந்த டைப்ரைட்டரில் நான் அடித்தது அதுதான். ஐயா கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை.

நான் போடவில்லை. அந்த மாதம்தான் ஊரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை பேசியிருந்தார்கள். சிபாரிசு செய்தவர் பழைய கமிட்டிக்காரர். “விலாசம் வாங்கி நாளைக்கு நானே போட்டு அனுப்பிடுறேங்கய்யா” என்றேன். ஐயா நம்பினார். பழனிக்கு இறங்கும்போதெல்லாம் அவரைப் போய்ப் பார்ப்பேன். முதல் கேள்வியே, “சிஸ்டர்கிட்ட இருந்து பதில் வந்துச்சாம்மா?” என்பதுதான். “இன்னும் இல்லீங்கய்யா” என்பேன். “கோவமா இருப்பாங்க. நியாயந்தான்” என்பார். அடுத்த முறையும் கேட்பார். கடைசியாகப் பார்த்தபோது பேச்சு நின்றுபோயிருந்தது. என்னைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார், அவ்வளவுதான். இல்லை என்று தலையை ஆட்டினேன். பத்து நாளில் தவறிவிட்டார்.

அந்தக் கடிதம்தான் பைக்குள் இருக்கிறது. நர்ஸம்மா இப்போது உயிரோடு இருக்க மாட்டார். விலாசமும் எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. என்னை வேலையை விட்டு எடுக்க இனி யாரும் கிடையாது. பென்ஷன் வாங்கியே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று காலை பையைக் கீழே எடுத்தேன். கடிதத்தை விரித்தேன். ஐயாவின் கூட்டெழுத்துக் கையெழுத்து, பக்கத்தில் எனக்கென்று விட்ட இடம். பேனாவைத் திறந்து வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். “கை இப்படி நடுங்குதே அத்தை, வயசாயிருச்சு ஒங்களுக்கு” என்று மருமகள் பேனாவை வாங்கி மூடி வைத்தாள். இதே நடுக்கம் இருபத்திரண்டு வயதிலும் எனக்கு இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து, மறுபடியும் பைக்குள்ளேயே வைத்தேன்.